“நாங்கள் செய்தோம்” என்றேன்; “நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார்கள்

தரமணிப் பயணி:

நண்பர்களுக்கு வணக்கம். சென்னையில் ஒரு மென்பொருள் சேவை நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கடைசி மூன்று ஆண்டுகளாக புராஜெக்ட் லீட். சொந்த புராடக்ட் வைத்திருக்கும் நிறுவனங்களில் புராஜெக்ட் மேனேஜர் அல்லது புராடக்ட் மேனேஜர் வேலைக்கு முயன்று வருகிறேன். இரண்டு மாதங்களில் இரண்டு இடங்களில் கடைசிச் சுற்று வரை போய்த் திரும்பிவிட்டேன். தொழில்நுட்பச் சுற்றில் சிக்கல் இல்லை. “இப்படி நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்” என்று தொடங்கும் கேள்விகளில்தான் சறுக்குகிறேன்.

நான் சொன்ன கதை இது. எங்கள் கிளையண்ட் சிறு உற்பத்தியாளர்களுக்கு பில்லிங் மென்பொருள் விற்பவர். ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2022 அக்டோபர் 1 முதல் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் (விற்பனை பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் முறை) கட்டாயம் என்று அந்த ஆகஸ்ட் தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது. எங்கள் குழுவில் எட்டுப் பேர்; அவர்களில் இரண்டு டெவலப்பர்கள் அதே மாதம் பேப்பர் போட்டுவிட்டார்கள். “நெருக்கடியான கெடுவை எப்படிச் சமாளித்தீர்கள்?” என்ற கேள்விக்கு, “நாங்கள் எல்லோரும் இரவு பகலாக உழைத்துக் குறித்த நாளில் முடித்துக் கொடுத்தோம்” என்று சொன்னேன். “அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்றார் எதிரில் இருந்தவர். எல்லாவற்றையும் ஒருங்கிணைத்தேன் என்றேன். “எப்படி?” என்றார். எனக்கு வார்த்தை வரவில்லை. அடுத்து, “உங்களுடைய தோல்வி ஒன்றைச் சொல்லுங்கள்” என்றதற்கு, எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்று நினைப்பதே என் குறை என்றேன். அவர் முகத்தில் ஒரு சலிப்பு ஓடியதை நானே பார்த்தேன்.

மூன்று ஐயங்கள். உண்மையிலேயே குழு செய்த வேலையை “நான் செய்தேன்” என்று சொல்வது நேர்மையாகுமா? தோல்விக் கேள்விக்கு எவ்வளவு தூரம் உண்மையைச் சொல்லலாம்? சேவை நிறுவன அனுபவம் புராடக்ட் வேலைக்கு மதிப்புப் பெறுமா? இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது: இரண்டு இடங்களிலும் எதிரில் இருந்தவர்கள் வரிசையாகக் கேள்விகளைப் படித்துவிட்டுத் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்கள். முடிவை முன்பே எடுத்துவிட்டு ஒப்புக்காகக் கேட்கிறார்களோ?

மேசைக்கு அந்தப்பக்கம்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தலை நிமிராமல் எழுதும் அந்த ஆட்களில் நானும் ஒருவன். அது அலட்சியம் அன்று. எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, ஒரே அளவுகோலால் மதிப்பெண் போட்டால்தான் ஆளுக்கு ஆள் ஒப்பிட முடியும். ஷ்மிட், ஹன்டர் என்ற இரு உளவியலாளர்கள் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்ட கட்டுரையில், இப்படி வகுத்துக்கொண்டு நடத்தும் நேர்காணலுக்கும் பின்னாளைய வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பு (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.51 என்றும், மனம்போன போக்கில் பேசும் நேர்காணலுக்கு அது 0.38 என்றும் கணக்கிட்டார்கள். 2022-இல் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் அதே கணக்கை மறுபடி போட்டபோது இரண்டு எண்களுமே இறங்கி 0.42, 0.19 என்று ஆயின. இடைவெளி மட்டும் கூடியது. ஆகவே சிரித்துப் பேசி அனுப்பும் இடத்தைவிட, எழுதிக்கொண்டே கேட்கும் இடத்தில்தான் உங்களுக்கு நியாயம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

நான் இருந்த குழுக்களில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பண்புகளைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள்: ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன், இன்னொருவருக்குக் கருத்து மோதலைக் கையாளும் விதம், இப்படி. என் தாளில் அந்தப் பண்புக்கு நேராக நான் எழுத வேண்டியது, வேட்பாளர் செய்த செயல். “இரவு பகலாக உழைத்தோம்” என்றால் அந்த இடத்தில் எழுத எதுவும் இல்லை. காலியாக இருக்கும் கட்டத்துக்கு நான் இரக்கப்பட்டு மதிப்பெண் போட முடியாது, கூட்டத்தில் மற்றவர்கள் “ஆதாரம் என்ன?” என்று கேட்பார்கள்.

கருத்தைக் கேட்காமல் சம்பவத்தைக் கேட்பதற்கும் ஒரு பழைய காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவ விமானப் படைக்கு ஆள் தேர்வு செய்த உளவியலாளர்களில் ஒருவரான ஃபிளானகன், நல்ல விமானி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் ஆளாளுக்குப் பொதுவான குணங்களை அடுக்குகிறார்கள் என்பதையும், குறிப்பிட்ட ஒரு பறப்பில் என்ன நடந்தது என்று கேட்டால்தான் பயன்படும் செய்தி கிடைக்கிறது என்பதையும் கண்டார்; அந்த முறையை 1954-இல் கட்டுரையாக எழுதினார். இன்று உங்களிடம் கேட்கப்படும் கேள்வி அந்த மரபில் வந்ததுதான். “ஒருங்கிணைத்தேன்” என்பது பொதுக் குணம். பறப்பு எங்கே?

உங்கள் கதையில் நான் கேட்க விரும்பும் இடம் வேறு. அக்டோபர் 1 என்பது அரசு போட்ட தேதி. கிளையண்டாலும் நகர்த்த முடியாது. ஆளும் குறைந்துவிட்டது. நாளையும் நகர்த்த முடியாமல், கையும் குறைந்திருக்கும்போது, வேலையின் ஒரு பகுதியை விட்டிருக்க வேண்டும். எதை விட்டீர்கள்? அதை யார் முடிவு செய்தார்கள்? யார் எதிர்த்தார்கள்? இரண்டு பேர் போனதும் மேலிடம் புதிய ஆட்களைத் தருவதாகச் சொல்லியிருப்பார்களே, வாங்கிக்கொண்டீர்களா? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் “நான்” தானாக வந்துவிடும்.

மதுரைக்காரி:

முதல் ஐயத்துக்கு ஒரு துணைக் குறிப்பு. “நான்” என்று சொல்லக் கூசுவது நம்மில் பலருக்கு உள்ள தயக்கம். ஆனால் நம் இலக்கணக்காரர்களே இதற்கு விலக்கு தந்திருக்கிறார்கள். தன்னைத் தானே புகழ்வது எந்தெந்த இடத்தில் தகும் என்று நன்னூல் நான்கு இடங்களைச் சொல்கிறது: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. உங்களை அறியாத நான்கு பேர் எதிரில் உட்கார்ந்திருப்பது அதில் இரண்டாவது இடம். விண்ணப்பத்தை ஓலையாகக் கொண்டால் முதலாவதும் பொருந்தும்.

மொழியும் கொஞ்சம் சதி செய்கிறது. தமிழில் “முடிவெடுத்தேன்” என்னும்போது “நான்” வினையின் வாலில் ஒடுங்கிக் கிடக்கிறது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியத்திலும் அது முன்னால் வந்து நிற்க வேண்டியிருப்பதால், தற்பெருமை பேசுவதுபோல நமக்கே கூச்சமாகி “நாங்கள்” என்று தாவிவிடுகிறோம். என் வழக்கம், பதிலை முதலில் தமிழில் எழுதி, எந்த வினை “-ஏன்” என்று முடிகிறது, எது “-ஓம்” என்று முடிகிறது என்று அடிக்கோடிட்டுப் பார்ப்பது. உண்மையில் குழு செய்ததை “-ஓம்” என்றே விட்டுவிடுங்கள். நிரல் எழுதியவர்கள் அவர்கள்தான். ஆனால் முழுப் பதிலிலும் ஒரு “-ஏன்” கூட இல்லையென்றால், அந்தக் கதை உங்களுடையது அன்று. வேறு கதை தேடுங்கள்.

தோல்வியைப் பற்றி. நான் இப்போது இருக்கும் வேலைக்குச் சொன்ன பதிலையே தருகிறேன். பல கிளைகள் கொண்ட ஒரு கடைக்குழுமத்தின் சரக்குக் கணக்கு மென்பொருளை மாற்றும் பொறுப்பு என்னிடம் இருந்தது. வெள்ளிக்கிழமை இரவு மாற்றம். புதன்கிழமை டெஸ்டிங்கில் இருந்த ஒரு பெண், “பேக்கப்பிலிருந்து பழையபடி திரும்பிப் போகும் வேலையை நாம் ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லையே, அக்கா” என்றாள். பேக்கப் எடுக்கிறோம் அல்லவா, அது போதும் என்றேன். வெள்ளி நள்ளிரவில் மாற்றம் பிழையானது. இரண்டு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்று திட்டத்தில் எழுதியிருந்தேன். பதினொரு மணி நேரம் ஆனது. சனிக்கிழமை காலை கடைகளில் கையால் பில் எழுதினார்கள். அந்தப் பில்களைத் திங்கட்கிழமை முழுவதும் உட்கார்ந்து ஏற்றினோம்.

இதைச் சொல்லிவிட்டு, “அன்று முதல் கவனமாக இருக்கிறேன்” என்று முடித்திருந்தால் பயனில்லை. அதற்குப் பின், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் நகல் சர்வரில் திரும்பிப் போகும் ஒத்திகையை நடத்தி நேரத்தைக் குறிக்க வேண்டும் என்று விதி வைத்தேன். ஐந்து மாதம் கழித்து ஒரு ஒத்திகை தோற்றதால், முந்தைய நாள் மாலை ரிலீஸை நிறுத்தினேன். கிளையண்ட் என்மேல் மிகவும் கோபப்பட்டார். நேர்காணலில் அவர்கள் அதிக நேரம் கேட்டது இந்த இரண்டாவது சம்பவத்தைத்தான். முதல் சம்பவம் தவறு செய்தேன் என்று காட்டியது. விலை கொடுத்தும் விதியைக் காப்பாற்றினேன் என்று காட்டியது இரண்டாவது. அந்தப் புதன்கிழமைப் பேச்சை மறைக்கலாமா என்று எனக்கும் ஓர் ஆசை வந்தது. மறைத்திருந்தால் வெறும் தொழில்நுட்பக் கோளாறாகத்தான் தெரிந்திருக்கும், என் தோல்வியாகத் தெரிந்திருக்காது.

கருத்து மோதல் கேள்வி வந்தால் ஒன்றே ஒன்று: எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில், அவரே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வலுவாகச் சொல்லுங்கள். எதிராளி முட்டாளாக இருக்கும் கதையில் உங்களுக்கு மதிப்பெண் கிடையாது.

போரூர் புராடக்ட்:

மேலே எழுதிய இருவரும் புராஜெக்ட் பக்கத்திலிருந்து பேசுகிறார்கள். புராடக்ட் வேலைக்குப் போவதென்றால் அதே கதையின் மறுபக்கத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும்.

புராஜெக்ட் மேனேஜரிடம் கேட்பது, சொன்ன நாளில், சொன்ன செலவில், சொன்னதைக் கொடுத்தீர்களா என்று. புராடக்ட் மேனேஜரிடம் கேட்பது, கொடுத்தது யாருக்குப் பயன்பட்டது, அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. “அக்டோபர் 1-க்கு முன் முடித்தோம்” என்பது முதல் கேள்விக்கு முழு விடை. இரண்டாவதற்கு அது தொடக்கம்கூட இல்லை. இ-இன்வாய்ஸ் வேலையை நானும் செய்திருப்பதால் சொல்கிறேன். அரசுத் தளத்திலிருந்து ஐஆர்என் என்ற பதிவு எண்ணும் க்யூஆர் கோடும் வந்தால்தான் அந்த பில் செல்லும். தொழிற்சாலை வாசலில் சரக்கு ஏற்றிய லாரி நிற்கிறது. பில் போடுபவர் பொத்தானை அழுத்துகிறார். வாங்குபவரின் பின்கோடு மாநிலத்துடன் பொருந்தவில்லை என்று தளம் திருப்பி அனுப்புகிறது. அந்த வாடிக்கையாளர் முகவரியை நான்கு ஆண்டுகளுக்கு முன் யாரோ தட்டச்சு செய்தது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். இந்தக் காட்சியைப் பார்த்தவருக்கு, பிழையைக் காட்ட வேண்டிய இடம் பில் போடும் திரை அன்று, வாடிக்கையாளர் விவரத்தைப் பதியும் திரை என்பது புரிந்துவிடும். சேவை நிறுவன அனுபவத்துக்கு மதிப்பு உண்டா என்று கேட்டீர்களே, இந்த மாதிரிக் காட்சி ஒன்று உங்களிடம் இருந்தால் நிச்சயம் உண்டு. கிளையண்ட் எழுதிக் கொடுத்ததைக் கட்டிக் கொடுத்தோம் என்பது மட்டும் இருந்தால், உண்மையைச் சொல்வதென்றால், கடினம்.

முதல் வாரத்தில் எத்தனை பில்கள் திருப்பப்பட்டன, எந்தக் காரணத்துக்காக என்ற கணக்கு உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் அப்போது சப்போர்ட்டில் இருந்தவரைக் கேளுங்கள். வாய்க்கு வந்த சதவீதத்தைச் சொல்லிவிடாதீர்கள், “எதில் எத்தனை?” என்ற அடுத்த கேள்வியிலேயே அது உதிர்ந்துவிடும்.

முன்னுரிமைக் கேள்விகளுக்கு ரைஸ் போன்ற சூத்திரங்களை ஒப்பிப்பவர்கள் பலர். எத்தனை பேரைத் தொடும், எவ்வளவு பயன், எவ்வளவு உறுதி என்ற மூன்றையும் பெருக்கி உழைப்பால் வகுப்பது, அவ்வளவுதான் அது. அந்த எண்களை எங்கிருந்து எடுத்தீர்கள், எண் சொன்னதற்கு மாறாக எப்போதாவது முடிவெடுத்தீர்களா என்பதில்தான் பேச்சே இருக்கிறது.

ஸ்டார் முறை பற்றியும் ஒரு வார்த்தை. சூழல், பணி, செயல், விளைவு என்ற வரிசை நினைவில் கொள்ள எளிது, ஆனால் நம்மவர்கள் சூழலிலேயே மூன்று நிமிடம் குடியிருந்துவிடுகிறார்கள். நேர்காணலில் அமேசான் அளவுகோலாக வைக்கும் தலைமைக் கொள்கைகள் 2021-இல் பதினான்கிலிருந்து பதினாறாக ஆனதும், கொள்கைக்கு இரண்டு கதை வீதம் முப்பத்திரண்டு கதைகளை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். மூன்றாவது துணைக்கேள்விக்கு மேல் எந்தக் கதையும் தாங்கவில்லை. ஆறு கதைகள் போதும். ஒவ்வொன்றிலும் கிழமை, மின்னஞ்சல், எதிர்த்தவர் சொன்ன சொல் வரை ஞாபகம் இருக்க வேண்டும்.

தரமணிப் பயணி:

மூவருக்கும் நன்றி. பழைய மின்னஞ்சல்களைத் தோண்டினேன். நான் மறந்தே போன பல விஷயங்கள் அதில் இருந்தன. “-ஏன்”, “-ஓம்” என்று அடிக்கோடிட்டுப் பார்த்து எழுதிய பதிலைக் கீழே தருகிறேன். தயவுசெய்து குறை சொல்லுங்கள்.

“எங்கள் கிளையண்ட் கோயம்புத்தூர்ப் பகுதியிலுள்ள சிறு உற்பத்தியாளர்களுக்கு பில்லிங் மென்பொருள் விற்பவர், 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து அவருடைய வாடிக்கையாளர்கள் பெருகியிருந்தார்கள். 2022 அக்டோபர் 1 கெடுவுக்கு ஆறு வாரம் இருந்தபோது எட்டுப் பேரில் இருவர் விலகினார்கள். என் மேலாளர் நான்கு புதியவர்களைத் தருவதாகச் சொன்னார். தாமதமான வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்ற புரூக்ஸின் விதியை நினைத்து, ஆறு பேருக்குள் பதினைந்தாக இருக்கும் தொடர்புகள் பத்துப் பேரானால் நாற்பத்தைந்தாகும் என்று எழுதி, ரிட்டர்ன் தாக்கல் மென்பொருளில் ஏற்கெனவே வேலை செய்த ஒருவரை மட்டும் கேட்டு வாங்கினேன். மற்ற மூவரை மறுத்தேன். மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. பிறகு வேலைப் பட்டியலை எடுத்து, சட்டப்படி விட முடியாதவை எவை, பயனர் அரசுத் தளத்தில் கையால் செய்துகொள்ளக் கூடியவை எவை என்று பிரித்தேன். பில் தொகையைக் குறைத்துத் தரும் கிரெடிட் நோட்டுக்கும் ஐஆர்என் வேண்டும் என்பதால் அதைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. பில்லை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ரத்து செய்யும் வசதியையும், சரக்கை எடுத்துச் செல்லத் தேவையான இ-வே பில்லைச் சேர்த்தே எடுக்கும் வசதியையும் தள்ளிவைக்கப் பரிந்துரைத்தேன். கிளையண்டின் விற்பனைத் தலைவர் இ-வே பில்லைத் தள்ளக் கூடாது என்றார். போட்டி மென்பொருளில் அது இருக்கிறது, பயனர் ஒரே விவரத்தை இரண்டு தடவை தட்டச்சு செய்ய நேரும் என்ற அவருடைய வாதம் சரியானதுதான். இ-இன்வாய்ஸ், இ-வே பில் இரண்டையும் முயன்று இரண்டும் பாதியில் நின்றால் அக்டோபர் 1 அன்று ஒரு பில்லும் போகாது என்று விளக்கினேன், ஒப்புக்கொண்டார். நாங்கள் இரவு பகலாக உழைத்து செப்டம்பர் 28 அன்று முடித்தோம். இ-வே பில் வசதியை ஐந்து வாரம் கழித்துக் கொடுத்தோம்.”

மேசைக்கு அந்தப்பக்கம்:

இப்போது என் தாளில் எழுத இடம் போதாது. சில வெட்டுகள் மட்டும்.

ஜிஎஸ்டி வந்த கதையும் கோயம்புத்தூரும் வேண்டாம். “சட்டம் போட்ட தேதி, ஆறு வாரம், எட்டில் இருவர் போய்விட்டார்கள்” என்று ஒரே மூச்சில் தொடங்குங்கள். புரூக்ஸின் பெயரும் தேவையில்லை. பதினைந்து, நாற்பத்தைந்து என்ற எண்களே பேசும், பெயரைச் சொன்னால் படித்ததை ஒப்பிக்கிறார் என்று தோன்றும். “இரவு பகலாக” என்பதை எடுத்துவிடுங்கள். நீங்கள் அதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அது, இவ்வளவு வெட்டிய பிறகும் கணக்கு தப்பியது என்று கேட்கிறது. உண்மையில் இரவில் உட்கார்ந்தீர்களா? உட்கார்ந்திருந்தால் ஏன் என்று கேட்பேன், அதற்கு விடை வைத்திருங்கள்.

“ஒப்புக்கொண்டார்” என்பது வேகமாகப் போய்விட்டது. விற்பனைத் தலைவர்கள் ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொள்வதை நான் பார்த்ததில்லை. அவருக்கு நீங்கள் பதிலுக்கு என்ன கொடுத்தீர்கள்? இ-வே பில் தரும் தேதியை எழுத்தில் கொடுத்தீர்களா? அங்கேதான் கதையின் உயிர் இருக்கிறது.

அந்த ஐந்து வாரமும் பயனர்கள் இரண்டு தடவை தட்டச்சு செய்தார்கள் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள், நாங்கள் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். மொத்தம் இரண்டரை நிமிடத்தில் நிறுத்துங்கள். கிரெடிட் நோட்டு நுணுக்கத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், யாராவது “வேறு எதை விட யோசித்தீர்கள்?” என்று கேட்பார்கள்.

தரமணிப் பயணி:

எழுத்தில்தான் கொடுத்தேன்: அக்டோபர் 31 என்று. ஐந்து நாள் தவறிவிட்டது, நவம்பர் 5-இல்தான் போனது. அதற்காக அவர் அனுப்பிய கோபமான மின்னஞ்சலும் அகப்பட்டது. இத்தனை நாள் அந்தக் கதையில் நான் மறைத்து வந்தது அதைத்தான் என்று இப்போது தெரிகிறது. தோல்விக் கேள்விக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இரவில் உட்கார்ந்தது இரண்டு நாள் மட்டும், சோதனைத் தளத்துக்கும் உண்மைத் தளத்துக்கும் உள்நுழைவு விவரம் மாறிக் கிடந்ததால்.

சப்போர்ட்டில் இருந்த நண்பரைப் பிடித்துவிட்டேன். முதல் வாரம் திரும்பிய பில்களின் பட்டியல் அவரிடம் இன்னும் இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறார். அடுத்த நேர்காணல் வியாழன்.

போரூர் புராடக்ட்:

பட்டியல் வந்ததும் பின்கோடு பிழையால் திரும்பிய பில்களை மட்டும் தனியாக எண்ணிப் பாருங்கள்.